ரெண்டாவது அடுப்பு

பென்னலூர்
18-11-91, திங்கக்கெழம

அன்புள்ள சின்னவன் லோகேசுக்கு உன் அம்மா பாஞ்சாலி எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் ஒரு கொறையும் இல்லாம கீறோம்னு எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த வாட்டி அப்படி எழுதனா பொய்யாப் பூடும், அதனால ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரியில்லன்னு மட்டும் எழுதறேன். நீ பூனாவுல வேளைக்கி சாப்புட்டு, குளுருக்கு நல்லா போத்திக்கினு சொகமா இருக்கணும்னு குன்றத்தூர் முருகன கும்புட்டுக்கினே கீறேன். மொதல்ல ஒரு சேதி, மீதியப் படிக்கறதுக்கு முன்னாடி இதப் படி. நீ அந்த வேலைய வுடாத. மொதலாளிகிட்ட மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்னு எழுதிகிறே இல்ல, போய் இல்லீங்க, நான் நிக்கலன்னு சொல்லு. கால்ல வுழுந்தாலும் பரவால்ல சொல்லு. ராத்திரி காலேஜியையும் வுடாத. இங்க உனுக்கு வேல இல்ல கண்ணு. கம்பெனி வேல நமக்கு இல்லன்னு ஆயிடிச்சி. உனுக்கும் இல்ல, உங்க அண்ணனுக்கும் இல்ல.

இத உனுக்குத் தெரியப்படுத்தக் கூடாதுன்னு உங்க நைனா என் வாயக் கட்டி வெச்சிருந்தாரு. அவன் அங்க தனியா கீறான், கேட்டா ஒடிஞ்சிப் பூடுவான், பொங்கலுக்கு வந்தா நேர்ல சொல்லிக்கலாம்னாரு. நானும் சரின்னு கம்முனு இருந்தேன். வெள்ளிக்கெழம உன் லெட்டரு வந்து, வேலைய வுட்டுட்டு தையில ஒரேயடியா வந்துடறேன்னு நீ எழுதனதப் படிச்சதும் இனிமே மறைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். தந்தி குடுக்கலாம்னு பாத்தேன், தந்தின்னா யாரோ பூட்டாங்கன்னு நெனச்சி நீ போட்டது போட்டபடி ரயிலேறிடுவே. சுங்குவார்சத்திரத்துல புதுசா போன் பூத்து வந்துகீது, ஆனா உன் மொதலாளி நம்பரு உங்க அண்ணங்கிட்டதான் கீது, கேட்டா எதுக்கும்மான்னு கேப்பான். அதான் ரேசன் கடைக்கிப் போறேன்னு சொல்லிட்டு பஸ் புடிச்சி ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்கு வந்து அந்த மரத்தடியில உக்காந்து எழுதிக்கினு கீறேன். அந்த மே மாசம் இங்க குண்டு வெடிச்ச சம்பவத்துலேந்து இங்க போலீசு கெடுபிடி இன்னும் அடங்கல, பையில இன்னாம்மா வெச்சிகிறேன்னு ஒருத்தன் நிறுத்திக் கேட்டான், பேப்பரும் பேனாவும்பான்னு தொறந்து காட்னேன், என்ன ஏற எறங்கப் பாத்துட்டு வுட்டான். அஞ்சாவது படிச்சவ கையெழுத்து, நீதான் நெரவிப் படிச்சிக்கணும்.

நடந்தத ஒழுங்கா சொல்றேன். பேக்டரி கட்றதுக்கு நெலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலன்னு கம்பெனிக்காரங்க சொன்னது உனுக்குத் தெரியும். நம்ம ஒண்ணரை ஏக்கராவக் குடுக்கறதுக்கு கையெழுத்துப் போடற சமயத்துல பத்திரம் எழுதற நரசிம்மன் வந்து உங்க நைனா காதுல ஓதனான். வூட்டுக்கு ஒரு வேலைன்னா, ரெண்டு வூடா இருந்தா ரெண்டு வேலதானே தசரதா, ரெண்டு புள்ளைங்க பேருக்கும் நெலத்தப் பிரிச்சி எழுதிடு, ரெண்டு ரேசன் கார்டு வாங்கிடு, நடுவுல ஒரு செவுரு வெச்சிடு, ரெண்டு பசங்களும் கம்பெனிச் சட்ட போட்டுக்கினு போவாங்கன்னான். உங்க நைனா அன்னிக்கி சோறே எறங்காம சிரிச்சிக்கினே இருந்தாரு. நான் மட்டும் இன்னா, எனக்கும் ஆச இல்லாமயா. நீயும் ரகுபதியும் ஒரே மாதிரி நீலச் சட்ட போட்டுக்கினு ஒரே சைக்கிள்ல முன்ன ஒருத்தன் பின்ன ஒருத்தன் உக்காந்து சாயங்காலம் வூட்டுக்கு வர்ற மாதிரி தெனமும் நெனச்சிப் பாப்பேன். நம்ம ஊர்ல யார் வூட்லயும் ரெண்டு கம்பெனி வேல இல்ல பாரு, அந்தப் பெருமைக்கு ஏங்கிட்டோம். ஆனா கல்யாணம் ஆவாத புள்ள தனிக் குடும்பம்னா எவன் ஒத்துக்குவான், அதனால என்னிய உன்னோட கார்டுல ஏத்தனாங்க. முன்பக்கம் உங்க நைனா, ரகுபதி, உங்க அண்ணி காவேரி. பின்பக்கம் மாட்டுக் கொட்டா இருந்த எடத்துல நானும் நீயும். பஞ்சாயத்துல அதுக்கு 41 ஏ அப்படின்னு தனி நம்பரு குடுத்து தகரத்துல எழுதி அடிச்சாங்க. ஒரு வருசம் சும்மா பேருக்குத்தான், வேல கெடச்சதும் செவுத்த இடிச்சிடலாம்னு உங்க நைனா சொன்னாரு. இதையெல்லாம் உனுக்கு அப்ப எழுதல, எழுதனா நீ வாணாம்னு சொல்லுவேன்னு தெரியும்.

பங்குனி மாசம் தாலுக்கா ஆபீசுலேந்து ரெண்டு பேரு விசாரிக்க வந்தாங்க. நெசமாவே தனித்தனியா கீறாங்களா, இல்ல நாடகமான்னு பாக்கத்தான். அடுப்பக் கூட கிட்டப் போயி குனிஞ்சி பாத்தாங்கடா, சாம்பல் கீதான்னு. நரசிம்மன் எங்களுக்கு முன்னாடியே பாடம் சொல்லி வெச்சிருந்தான், ஏன் பிரிஞ்சீங்கன்னு கேட்டா மாமியா மருமவ சண்டைன்னு சொல்லுங்க, அதுக்கு மேல எந்த ஆபீசரும் கேள்வி கேக்க மாட்டான்னு. அதே மாதிரி கேட்டாங்க. நான் வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த சொல்லணும், காவேரி ரெண்டு வார்த்த சொல்லணும், அவ்ளோதான் ஏற்பாடு. தெருவே வேடிக்க பாக்குது. நான் ஆரம்பிச்சேன், இவ வேல செய்யமாட்டா, காலைல வெயிலேறி எழுந்துக்குவான்னு. வந்த ஆபீசருல ஒருத்தன் நம்பாத மாதிரி மொகத்த வெச்சிக்கினு எழுதாமயே நின்னான். எனக்கு பதட்டமாப் பூடிச்சி, இதோட போச்சே ரெண்டு வேலையும்னு, இன்னா சொல்றேன்னு தெரியாம கல்யாணம் ஆயி நாலு வருசமா இவ வயிறு தொறக்கலீங்க, இந்த வூட்ல வெளக்கேத்த ஒரு புள்ள இல்லன்னு சொல்லிட்டேன். அவன் ஒடனே குனிஞ்சி எழுதனான். காவேரி மொகத்த நான் பாக்கல. அவ பேச வேண்டியது இன்னும் பாக்கி இருந்திச்சி இல்ல, பேசனா பாரு. இந்த வூட்ல இல்லாத புள்ளைக்கி தட்டு கீதுங்க, கொழம்புல மொத கரண்டி அந்தத் தட்டுக்குத்தான், நான் இங்கயே கீறேன் எனக்குத் தட்டு இல்ல, எல்லாரும் தின்னு முடிச்ச அப்பால சட்டியத்தான் வழிக்கறேன், நாலு வருசத்துல சாப்ட்டியான்னு இந்தம்மா ஒரு நாளும் கேட்டதில்லன்னா. நரசிம்மன் சொல்லிக் குடுத்தது இது ஒண்ணும் இல்ல. ஆபீசருங்க பேஷா நம்பிட்டு கையெழுத்து வாங்கிக்கினு பூட்டாங்க. நரசிம்மன் பின்னாலேயே வந்து ரெண்டு பேரும் சூப்பரா நடிச்சீங்கன்னு சிரிக்கறான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம ஆளுக்கொரு பக்கம் உள்ள பூட்டோம்.

உன் தட்டு விசயம் நெசந்தான், மறைக்கல. நீ பூனா போனதுலேந்து மொத கரண்டிய உன் தட்டுல வெச்சி காக்காவுக்கு ஒரு வாய் போட்டுட்டு அப்பாலதான் மத்தவங்களுக்கு. எந்த அம்மா செய்யமாட்டா, நீயே சொல்லு. அதப் போயி தெரு முழுக்க கேக்கற மாதிரி சொல்லுவாளான்னு எனக்கு ஆத்தரமான ஆத்தரம். நான் சொன்னதுக்கு அவ சொன்னது சரியாப் போச்சின்னு உங்க நைனா சொன்னாரு, அவரோடயும் ரெண்டு நாளு பேசல. ஆபீசருங்க திரும்ப வந்தாலும் வருவாங்கன்னு நெதம் சாயங்காலம் பின்பக்கத்து அடுப்ப மூட்டி வெக்கச் சொல்லிட்டாங்க. சும்மா பொகைய வெச்சி இன்னா பண்றது, ஒரு பிடி அரிசியப் போட்டேன். அதுவே பழக்கமாயிடிச்சி. அப்பால அவளும் கூப்புடல, நானும் போவல. உங்க நைனா முன்வூட்ல சாப்புட்டுட்டு மத்தியானத்துல பின்பக்கமா வந்து விருந்தாளி மாதிரி எங்கிட்ட ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடிச்சிட்டுப் போவாரு. இத்தினி வருசம் குடும்பம் நடத்தன மனுசன் எங்கிட்ட வந்து உக்காரலாமான்னு கேக்கற மாதிரி நிப்பாரு, பாக்கவே சகிக்கல. இதுல பெரிய கொடும இன்னா தெரியுமா, காவேரி முழுகாம கீறான்ற விசயத்த நான் பால் ஊத்தறவ சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன். ஒரு செவுத்துக்கு இந்தாண்ட நான். அவ வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுது, பித்தம்னு நெனச்சேன். அன்னிக்கி நான் அழுதேன்டா லோகு. சந்தோசத்துல அழுதேனா எதுல அழுதேன்னு எனக்கே தெரியல. இப்ப அவளுக்கு ஏழாவது மாசம். பொறக்கற புள்ளைய எந்தக் கார்டுல ஏத்தப் போறாங்களோ.

இவ்ளோ கூத்தும் அடிச்சிட்டு வேலயாவது வந்துதான்னா அதுவும் இல்ல. தீவாளி முடிஞ்ச ரெண்டாம் நாளு கம்பெனி கேட்டுல பேரு ஒட்டனாங்க. ரகுபதி முழுசா மழையில நனஞ்சிக்கினு நின்னு மேலேந்து கீழ வரைக்கும் பாத்துகிறான், அவன் பேரும் இல்ல, உன் பேரும் இல்ல. உள்ள போயி கேட்டதுக்கு, ஒரு ஏக்கராவும் அதுக்கு மேலயும் குடுத்த குடும்பத்துக்குத்தான் வேல, உங்க ரெண்டு குடும்பமும் ஆளுக்கு முக்கா ஏக்கராதான் குடுத்துகிறீங்க, ரெண்டுமே சேராதுன்னு சொல்லிட்டாங்க. பிரிக்காம இருந்திருந்தா ஒண்ணு நிச்சயமா கெடச்சிருக்குமேப்பான்னு அங்க இருந்த ஒரு ஆளு பாவப்பட்டு சொன்னானாம். இவன் சார் சார் அது சும்மா பேருக்குப் பிரிச்சது, நாங்க ஒரே குடும்பந்தான்னு கெஞ்சிகிறான். அப்ப விசாரணையில நீங்க சொன்னது பொய்யா, எழுதிக்குடுன்னு கேட்டாங்களாம். எழுதிக் குடுக்காமயே திரும்பி வந்துட்டான். அந்த ஏக்கரா கணக்க முன்னாடியே சொன்னாங்களோ இன்னாவோ, எங்க காதுல வுழுந்தது ரெண்டு வேலைன்ற வார்த்த மட்டுந்தான். நரசிம்மன் இப்ப நம்ம தெரு வழியா வர்றதே இல்ல, ஏரிக்கரையச் சுத்திக்கினு போறான். அவனத் திட்டி இன்னா, ஆசப்பட்டது நாம.

உங்க அண்ணன் இப்ப காண்ட்ராக்டு ஆளா அதே கம்பெனிக்கி கட்டடம் கட்ற எடத்துல ஜல்லி தூக்கறான். நம்ம கெணறு இருந்த எடத்த மூடி அது மேலதான் மிசின் வெக்கற கொட்டா வருதாம். சாயங்காலம் வந்து கால் கழுவிட்டு படுத்துக்கறான். உன்ன அவன் ஒரு வார்த்த சொல்லல, அத மட்டும் நீ தெரிஞ்சிக்கணும். தம்பிக்காகப் பிரிச்சீங்க, பிரிக்காம இருந்திருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும்னு அவன் சொல்லலாம், சொன்னா அதுல நாயம் கீது. சொல்லல. லோகுக்கு எழுதாதீங்கம்மா, அவன் தன்னாலதான்னு நெனச்சிக்குவான்னு சொன்னவனே அவன்தான். நீயும் அப்படி நெனச்சிக்காத. நீ ஒண்ணும் கேக்கல, நாங்களாத்தான் உன் பேர இதுல இழுத்து வுட்டோம்.

இப்ப உனுக்கு சொல்றேன், கவனமா கேளு. மிசின் படம் வரையற வேலைக்கிப் போவணும், மிசினத் தொடைக்கறவனா இல்லாம அது எப்படி செய்யணும்னு சொல்றவனா ஆவணும்னு நீ போன வருசம் வந்தப்ப அடுப்பாண்ட உக்காந்து சொன்னே, எனக்கு பாதி புரியல, ஆனா உன் மொகத்துல ஒரு வெளிச்சம் இருந்திச்சி, அது எனக்குப் புரிஞ்சிச்சி. அந்த டிப்ளமா இன்னும் ஒரு வருசம் கீதுன்னியே. முடி. கம்பெனி வேலைக்காக அத வுட்டுட்டு வர்றேன்னு நீ எழுதனதுக்கு நாங்கதான் காரணம், உனுக்கும் ஒரு வேல வருது, வா வான்னு மாசா மாசம் எழுதி உன் மனசக் கெடுத்தோம். உண்மையச் சொல்லணும்னா லோகு, உன்ன வரச்சொல்லி எழுதத்தான் இந்தக் கை துடிக்குது. பின்பக்கத்துல நான் ஒண்டியா கீறேன். கார்டுல என் பேருக்குக் கீழ உன் பேரு ஒண்ணுதான். சாயங்காலம் அடுப்புக்கு முன்னாடி உக்காந்தா பேச ஒரு ஆளு இல்ல. நீ வந்து எதுத்தாப்ல உக்காந்தா போதும்னு தோணுது. ஆனா வந்து இன்னா பண்ணுவே, அண்ணனோட சேந்து ஜல்லி தூக்குவே. நம்ம வூட்ல ஒருத்தன் தூக்கறது போதும். வராத. வெறும் கையோட பாக்கறதுக்கு வா, நாலு நாள் இருந்துட்டு போ, ஒரேயடியா வந்துடாத. மொதலாளி வெளிய போன்னு சொல்லிட்டா வேற எடத்துல கேளு, அங்க எத்தினி பட்டறை கீதுன்னு நீதானே சொன்னே. வெறும் வயித்தோட காலேஜிக்கிப் போவாத. அந்த ஓட்டல் சப்பாத்தியையே தின்னு வயித்தக் கெடுத்துக்காத. மழையில நனஞ்சா தலையத் தொவட்டு.

இன்னொண்ணு சொல்ல வுட்டுட்டேன். உனுக்கு இந்த 41 ஏ சங்கதி தெரியாததால நீ பழைய நம்பருக்குத்தான் லெட்டரு போட்டே. தபால்காரர் முன்வூட்ல குடுத்துட்டுப் பூட்டாரு. வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல. காவேரிதான் வாங்கிகிறா. என் பேரு போட்டிருக்கறதப் பாத்துட்டு, சுத்திக்கினு பின்பக்கம் வந்து வாசப்படியில நிக்கறா. பங்குனிக்கப்புறம் அவ என் வாசலுக்கு வந்தது அன்னிக்கித்தான். அத்தை, லோகு காயிதம் போட்டுகிறாருன்னா. நான் கையத் தொடைச்சிக்கினு வாங்கனேன். அவ ஒடனே போவல. வவுறு எவ்ளோ பெருசாகீது தெரியுமா, நான் தூரத்துலேந்து பாத்ததுதான், கிட்டப் பாத்தா எனக்கே மூச்சு வாங்குது. உக்காருன்னு சொல்லலாமா, சொன்னா எதாவது சொல்லிடுவாளோன்னு நான் முழிக்கறேன். அன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன், அடுப்புல கொதிக்குது. அவ அத மோந்துட்டு மெதுவா கேக்கறா, இன்னா கொழம்பு அத்தைன்னு. அவ்ளோதான்டா. மேல ஒண்ணும் கேக்கல. எங்கிட்ட பின்பக்கத்துல தட்டு ஒண்ணுதான் கீது, உன் தட்டு. மொத கரண்டி ஏற்கெனவே அதுல ஊத்தி வெச்சிருந்தேன். அது மேலயே சோத்தப் போட்டு அவ கையில குடுத்தேன். செவுத்துல சாஞ்சி கால நீட்டி உக்காந்துக்கினு முழுசும் தின்னா. போதுமான்னு கேட்டேன், இன்னும் கொஞ்சம்னா. அந்தப் பழைய பேச்ச அவளும் எடுக்கல, எடுக்க எனக்கும் தெகிரியம் இல்ல. தட்ட அவளே கழுவி கவுத்து வெச்சிட்டு முன்பக்கம் பூட்டா. அவ போன அப்பாலதான் நான் உன் லெட்டரப் பிரிச்சேன். அன்னிக்கி காக்காவுக்கு ஒண்ணும் வெக்கல, நீ கோச்சிக்காத.

தபாலாபீசு மூடற நேரமாயிடிச்சி, முடிச்சிக்கறேன். நீ நெனச்சது நெனச்சபடி படிச்சி முடிச்சி, நாலு பேரு கேட்டு நடக்கற மாதிரி பெரிய வேலையில உக்காரணும், நோய் நொடி அண்டாம இருக்கணும், குன்றத்தூர் முருகன் உன்னக் கைவுடமாட்டான். உங்க நைனாவோட ஆசீர்வாதமும் இதுலயே கீதுன்னு நெனச்சிக்கோ, இந்த லெட்டரு அவருக்குத் தெரியாது. வேலைய வுடல, காலேஜி வுடலன்னு ரெண்டு வரி ஒடனே எழுதிப் போடு, அது வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

இப்படிக்கு உன் அம்மா
பாஞ்சாலி
41 ஏ, பின்வூடு, பென்னலூர்

ஞாபகம்: மேல நான் 41 ஏ அப்படின்னு எழுதனதப் பாத்துட்டு நீயும் அதே மாதிரி போட்டுடாத. ஏ போட்டா தபால்காரர் நேரா எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துடுவாரு. நீ பழைய நம்பருக்கே போடு, என் பேருக்குப் போடு. அவ பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு மூணு லெட்டரா போடு கண்ணு, ஒண்ணும் சேதி இல்லன்னாலும் பரவால்ல. சந்தையில இன்னொரு தட்டு வாங்கிக்கினுதான் வூட்டுக்குப் போவப் போறேன்.